எது வரலை?

"எது வரலை?"

போனை எடுத்ததும் பர்ஹத் கேட்கிற முதல் கேள்வி இதுதான். சலாம், வணக்கம், சாப்பிட்டீகளா எல்லாம் அப்புறம். கூப்பிட்டவர் யாராக இருந்தாலும் "ஒண்ணுமே வரலம்மா" என்றுதான் ஆரம்பித்திருப்பார். அந்தப் பேச்சு அவளுக்கு ஆகாது. "ஒண்ணுமே வரலனா எப்படி? லாரி வரலைனு பதில் வந்திருக்கா, இல்ல பதிலே வரலியா? ரெண்டும் வேற வேறல்லா" என்று பிடித்துக்கொள்வாள். பாதிப் பேர் எரிச்சலாகிப் போனை வைத்துவிடுவார்கள். ஐந்து நிமிடம் கழித்து அவர்களே திரும்பக் கூப்பிடுவார்கள். வேறு வழி கிடையாது.

வீட்டிலும் இதே கதைதான். அவள் புருஷன் ஹாமித் பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். "சோறு ஆச்சானு இவகிட்ட கேட்டுப் பதில் வரலனா, பட்டினினு நெனச்சிரக் கூடாது. திரும்பக் கேக்கணும்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். அவள் காதிலும் விழும். கோபப்பட மாட்டாள். சொன்னது சரிதானே என்கிற மாதிரிப் பார்ப்பாள்.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தின் மாடியில் அவளுக்கு ஓர் அறை. கீழே மிஷின் ஓடினால் மேலே டம்ளரில் தண்ணீர் நடுங்கும். லாரி எங்கே நிற்கிறது, எந்த ஊரில் மழை என்று இங்கேயுள்ள கம்பெனிக் கம்ப்யூட்டர்கள் வேறு ஊர்க் கம்ப்யூட்டர்களைக் கேட்டபடி இருக்கின்றன. பதில் சொல்வதற்கென்றே அங்கே இருக்கிற ஏற்பாட்டுக்கு வெப் சர்வீஸ் என்று பெயர். அது அனுப்புகிற பதில் எக்ஸ்எம்எல் என்ற கட்டாக வரும். தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் மாதிரி வைத்துக்கொள்ளலாம். பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டி, அதற்குள் பொட்டலம், ஒவ்வொன்றுக்கும் திறக்கிற இடத்தில் ஒரு லேபிள், மூடுகிற இடத்தில் ஒரு லேபிள். எந்த லேபிளுக்குள் இருப்பது வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கேட்க வேண்டும். அந்த வரிதான் குவெரி. போன குவெரி வெறுங்கையோடு திரும்பினால் பர்ஹத்துக்குப் போன் வரும்.

மற்றவர்கள் திரையிலேயே பார்ப்பார்கள். அவளுக்குக் காகிதம் வேண்டும். கீழே கலர் பிசகிக் கழித்துப்போட்ட காலண்டர் தாள்களைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தில் வந்த பதிலை அப்படியே அச்செடுப்பாள். சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு லேபிளையும் திறப்பும் மூடலுமாகச் சேர்த்துக் கோடு போடுவாள். கல்யாணப் பத்திரிகை வாசிப்பதுபோல வாய்விட்டுப் படிப்பாள். "படிச்சாத்தான் பொய் எங்கன இருக்குனு தெரியும். பார்த்தா எல்லாம் அழகாத்தான் இருக்கும்" என்பாள்.

லட்சுமிகாந்தத்தின் பட்டாசு ஆலை ஆனைக்குட்டம் போகிற வழியில் இருக்கிறது. அங்கே முற்றத்தில் அவள் செய்து கொடுத்த விளக்குப் போர்டு நிற்கிறது. சுற்றுவட்டாரத்தில் மின்னல் இறங்கியதா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை அது வெப் சர்வீஸைக் கேட்கும். இறங்கவில்லை என்றால் பச்சை. இறங்கினால் சிவப்பு. சிவப்பு வந்தால் வெடிமருந்து அறைகளில் ஓர் ஆள்கூட இருக்கக் கூடாது. எல்லாரும் கேட் பக்கம் இருக்கிற ஷெட்டுக்குப் போய்விட வேண்டும். போர்டு வந்த பிறகு அங்கே யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. போர்டைத்தான் பார்க்கிறார்கள்.

போன புரட்டாசியில் ஒருநாள் மத்தியானம் போர்மேன் சங்கிலிமுத்து கூப்பிட்டார்.

"தாயி, அணைப் பக்கம் மின்னல் வெட்டுது. கண்ணால பாக்கேன். போர்டு பச்சையாவே நிக்குது."

"மின்னல் இல்லைனு பச்சையா மாமா, பதில் வராம பச்சையா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? பச்சைனா பச்சை. அம்புட்டுதான்."

பர்ஹத் எழுந்து நின்றுவிட்டாள். "ஆளுகளை வெளிய கொண்டாங்க. போர்டைப் பாக்காதீக."

போன் கைமாறியது. லட்சுமிகாந்தம். "ஏம்மா, பச்சைக்கு வேலை, சிவப்புக்கு நிறுத்தம்னு நீதான சொல்லிக் குடுத்த? இன்னைக்கு லோடு கிளம்பணும். பத்து நாளா ஒருதடவைகூட சிவப்பு விழல. இப்ப வந்து போர்டைப் பாக்காதங்கியே, பெறகு எதைத்தான் பாக்க?"

"பத்து நாளாவா அண்ணாச்சி?"

"ஆமா."

புரட்டாசியில் பத்து நாள் மின்னல் இல்லாமல் இருக்குமா?

"நான் வச்ச போர்டு பொய் சொல்லுது அண்ணாச்சி. ஆளுகளை வெளிய கூப்பிட்டிருங்க. தப்புனா அது எம்மேல."

அந்தப் பக்கம் போனை எங்கோ வைத்தார்கள். பிறகு சங்கிலிமுத்துவின் குரல் தூரத்தில் கேட்டது. "ஏலே மணிகண்டராஜு, கையில இருக்கதை மெதுவா வச்சிட்டு வெளிய வா! யாரும் ஓடாதீக!" ஒரு பெண் குரல் அதற்கு மேலே கேட்டது. "பச்சைதான நிக்குது? இந்த ஆளுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" "கிறுக்குனே வச்சுக்க அழகுமீனா, மொதல்ல நட!"

எல்லாரும் ஷெட்டுக்கு வந்தாயிற்று என்று அவர் சொன்ன பிறகுதான் பர்ஹத் உட்கார்ந்தாள்.

வந்த பதிலை அச்செடுத்தாள். முழுசாக இருந்தது. திறந்த லேபிளெல்லாம் மூடியிருந்தது. அதற்குள் ஏழு மின்னல், நேரத்தோடும் இடத்தோடும். ஆக, பதில் வந்திருக்கிறது. பதிலில் மின்னலும் இருக்கிறது. அவள் எழுதிய குவெரிதான் ஏழையும் பார்க்காமல் திரும்பியிருக்கிறது. எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். பிழை இல்லை. ஆவணி மாதத்துப் பதில் ஒன்றைத் தேடி எடுத்து அதே குவெரியை ஓட்டினாள். சட்டென்று எடுத்துக் கொடுத்தது.

பழைய தாளையும் புதுத் தாளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கீழே அச்சுக்காரர்கள் பார்ப்பது இப்படித்தான். உள்ளே எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. தலையில்தான் பிசகு. பத்து நாளுக்கு முன்னால் சர்வீஸ்காரர்கள் முதல் லேபிளில் ஒரு முகவரி சேர்த்திருந்தார்கள். உள்ளே இருக்கிற லேபிள் பெயரெல்லாம் இனி இன்னாருடையவை என்று அதற்கு அர்த்தம். பார்வைக்கு லேபிள் மாறவில்லை. கணக்குப்படி அது வேறு பெயர்.

சங்கிலிமுத்து திரும்பக் கூப்பிட்டார். பின்னால் மழைச் சத்தம். விளக்கிச் சொன்னாள்.

"கோடவுன்ல போயி குருவி வெடி குடுனு கேட்டா, எந்தக் கம்பெனி குருவினு கேப்பான். அந்த மாதிரியா?"

"அதேதான். ஆனா அவனாவது எந்தக் கம்பெனினு கேப்பான் மாமா. இது கேக்காது. இல்லைனு கையை விரிச்சிரும்." புதுத் தாளைக் கீழே வைத்தாள். "அந்த இல்லைக்குத்தான் நான் பச்சைனு எழுதி வச்சிருக்கேன்."

"பத்து நாளும் ஒண்ணும் ஆகலியே தாயி."

"ஆகலைங்கிறது எனக்குப் பதில் இல்ல மாமா."

குவெரியில் அந்த முகவரியைச் சேர்க்கப் பிடித்தது ஐந்து நிமிடம். "செவந்திருச்சு, செவந்திருச்சு!" என்று போனில் சத்தம் கேட்டது. லட்சுமிகாந்தத்துக்கு அதோடு வேலை முடிந்தது. அவளுக்கு முடியவில்லை. இருட்டும்வரை உட்கார்ந்து இன்னொன்றையும் மாற்றினாள். பதில் வந்து, அதைப் படிக்க முடிந்து, அதில் மின்னல் இல்லை என்றால் மட்டும் பச்சை. பதில் வராவிட்டாலும் சிவப்பு, வந்த பதில் விளங்காவிட்டாலும் சிவப்பு.

மறுநாள் காலையில் அவளே ஆலைக்குப் போய் நின்றாள். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது, போர்டு பச்சை. சனங்கள் உள்ளே போகக் கேட்டில் காத்திருந்தார்கள்.

"நெட்டு போனாக்கூட சிவப்பாம்மா?" என்றார் லட்சுமிகாந்தம். "சீசன்ல நாளைக்கு நாலு தடவை போகும். நாலு தடவையும் ஆளுகளை வெளிய உக்காத்தி வைக்கவா?"

"ஆமா அண்ணாச்சி."

"நீ சும்மா சொல்லிருவ. லோடு நிக்கிறது எனக்கு."

அவள் ஆபீஸ் அறைக்குள் போய் நெட் கேபிளை உருவி, நுனியைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றாள். பச்சை நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு சிவப்பு விழுந்தது. கேட்டில் இருந்தவர்கள் அலுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள்.

"சரி, பாத்தாச்சுல்லா? மாட்டிவிடு."

மாட்டினாள். ஒரு நிமிடத்தில் பச்சை திரும்பியது. சனங்கள் சேலையையும் கைலியையும் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். சங்கிலிமுத்து கேட்டின் கொண்டியில் கை வைத்தார்.

"நாலு தடவை போகும்னீகளே அண்ணாச்சி, இன்னும் மூணு இருக்கு" என்று பர்ஹத் மறுபடியும் கேபிளை உருவினாள்.