நேரலை என்று நான் சொன்ன ஒரு மணி நேரம்

வடசேரி பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் நிற்கிறேன். எண்ணெயில் பழம்பொரி வேகும் வாசனை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடை வானொலியிலோ ஒரு பெண் கொஞ்சுகிறாள்: "செம மழைல்ல? வெளியில போகாதீங்க, பாட்டு கேளுங்க!"

கடைக்கார அண்ணன் வானத்தை அண்ணாந்து பார்த்தார். "எந்த ஊர்ல மக்கா மழ பெய்யுது?"

பேசுகிறவள் எந்த ஊரில் இருக்கிறாளோ, அங்கே. நீங்கள் நம்பமாட்டீர்கள், இதே வானொலிக்கு ஒரு காலத்தில் நாகர்கோவிலிலேயே அறை இருந்தது. துணிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி, சுவரெல்லாம் கம்பளம். ஏசியின் ஈரம் ஏறி அந்தக் கம்பளம் நனைந்த நாய் போல மணக்கும். கல்லூரி முடித்த சூட்டோடு நான் அங்கே போய் உட்கார்ந்தேன். உலகத்தையே என் குரலால் கட்டிப்போடலாம் என்ற நினைப்பு. என் பேச்சில் இருந்த ஊர் ராகத்தை மேலாளர் மூன்று மாதம் சீவிச் சீவி எடுத்தார்.

மாலை நான்கு மணிக்கு நேயர் விருப்பம். இனயம் என்ற கடற்கரை ஊரிலிருந்து செலின் அக்கா கூப்பிடுவாள். முதல் அழைப்பிலேயே மானத்தை வாங்கிவிட்டாள்.

"நீ நம்ம ஊரு பயதானே மக்கா? பெறவு என்னத்துக்கு மெட்ராஸ்காரன் மாதிரி இளிக்கே?"

அவள் மாப்பிள்ளை சகாயம் அண்ணன் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். பிற்பகல் மூன்றரைக்கு வள்ளம் தள்ளுவார்கள். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய சின்ன வானொலி ஒன்று கூடப் போகும். கரையை விட்டு வெகுதூரம் போனால் பாட்டு கரகரத்து நின்றுவிடும். அந்த இடத்தோடு அவர்களுக்கு வீடு முடிந்தது.

"சீக்கிரம் போடு மக்கா, தூரம் போனா அவருக்குக் கேக்காது" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அந்தக் கரையின் வீடுகள் எல்லாம் கேட்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அதனால் அவள் பாட்டுதான் எப்போதும் முதலில்.

ஒரு சனிக்கிழமை எனக்குச் சென்னையில் தொலைக்காட்சி நேர்முகம். விடுப்பு கேட்டால் கிடைக்காது. வியாழக்கிழமையே மொத்த நிகழ்ச்சியையும் பதிவு செய்தேன். பழைய அழைப்புகளை வெட்டி ஒட்டினேன், நடுநடுவே "நேரலையில் உங்களோடு" என்று பொங்கினேன். முதலில் செலின் அக்காவின் சிரிப்பு. வெள்ளிக்கிழமை ரயிலேறினேன்.

வேலை கிடைக்கவில்லை. "உங்க தமிழ்ல ஒரு ராகம் இருக்கே தம்பி" என்றார்கள். மூன்று மாதம் சீவியும் மிச்சம் இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை மேலாளர் முதுகில் தட்டினார். நான் பதிவு செய்துவிட்டு ஓடியதைக் கண்டுபிடித்திருந்தார், ஆனால் கோபம் இல்லை. "ஒரு ஆளுக்குக்கூட வித்தியாசம் தெரியல. இனி எல்லாத்தையும் இப்படியே பண்ணலாமே!" எனக்குப் பெருமைகூட வந்தது.

அன்று நான்கு மணிக்குச் செலின் அக்கா கூப்பிட்டாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் எங்கள் பேச்சு வெளியே போகவில்லை.

"வள்ளம் மறிஞ்சு போச்சு மக்கா. வெள்ளிக்கிழம கெடச்சாரு. சனிக்கிழம நாலு மணிக்குக் கல்லறத் தோட்டத்துல அவரக் குழியில எறக்குதோம். வாசல்ல நின்ன ஆட்டோ ரேடியோவுல எனக்க ஒச்ச. அவருக்குப் பாட்டு போடச் சொல்லிச் சிரிக்கேன். எல்லாரும் என்னத் திரும்பிப் பாக்காங்க." மூச்சு வாங்கினாள். "நீ அங்கதானே இருந்தே? எனக்க ஒச்சயக் கேட்டப்பவே நிறுத்தியிருக்கப்பிடாதா?"

"தொழில்நுட்பக் கோளாறுக்கா" என்றேன். சீவி எடுத்த சுத்தமான தமிழில் சொன்னேன்.

"செரி மக்கா." அதன்பிறகு அவள் கூப்பிடவில்லை.

மேலாளர் சொன்னபடியே நடந்தது. முதலில் நேயர் விருப்பம் பதிவானது, பிறகு முழு நாளும். பிறகு அதை எங்கோ ஒரு நகரத்தில் பதிவு செய்து அனுப்பினால் போதும் என்றார்கள். துணிக்கடைக்காரர் மூன்றாவது மாடியில் துணி மூட்டைகளை அடுக்கினார். எங்கள் தொலைபேசி எண் இன்னும் எனக்கு மனப்பாடம். எடுக்க ஆள் இல்லை. கரகரக்கும் இடம் கடலில் இப்போதும் அங்கேதான் இருக்கும். அதை வள்ளம் எட்டும் முன்னால் வானொலியில் யாரும் யார் பெயரையும் சொல்வதில்லை.

கடை வானொலியில் ஒரு நேயர் வந்தாள். கணவனுக்குப் பாட்டு கேட்டுச் சிரித்தாள். எந்த நாளில் சிரித்ததோ.

"அண்ணா, ஒச்சயக் கொஞ்சம் கொறைங்க" என்றேன்.

"ஏன் மக்கா? அந்தப் புள்ள நல்லாத்தானே சிரிக்கா?"