கடைசி மேசைக்காரி

உம்மே ஹானி வலைப்பூ எழுதுவது கணவன் முபினைத் தவிர யாருக்கும் தெரியாது. வேங்கிக்கால் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் அவளுக்கு உதவியாளர் வேலை. மகள் மெஹ்விஷ் கைக்குழந்தையாக இருந்தபோது, அவள் தூங்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சும்மா ஆரம்பித்த பழக்கம் அது. ‘கடைசி மேசை’ என்று பேர் வைத்தாள். சொந்தப் பேரைப் போடவில்லை. மெஹ்விஷ் இப்போது பிளஸ் டூ. இந்தப் பதினாறு வருஷத்தில் ஞாயிறு தவறியது பத்துப் பன்னிரண்டு தடவை இருந்தால் அதிகம். அவளோடு எழுத வந்தவர்கள் எல்லாரும் ஃபேஸ்புக் பக்கம் போய்விட்டார்கள். பௌர்ணமி கிரிவல நெரிசலில் பஸ் கிடைக்காமல் நடந்த கதையையும் முபினின் கண்ணாடிக் கடைக்கு வந்துபோகிறவர்களையும் இவள் எழுதிக்கொண்டே இருந்தாள். முப்பது நாற்பது பேர் படித்தார்கள். அவளுக்கு அது போதும்.

ஆபீஸ் விஷயத்தை வெளியே எழுதினால் வேலைக்கே ஆபத்து என்று தெரியும். அதனால் எழுதியதில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர.

அடி அண்ணாமலையிலிருந்து மண்ணாங்கட்டி என்ற பெரியவர் உதவித்தொகைக்காக ஆறு தடவை நடையாய் நடந்தார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு காகிதம் குறைந்தது. ஏழாவது தடவை அவருடைய மகள் வந்தாள். அப்பா போன வாரம் இறந்துட்டார், மனுவில் ஒட்டியிருக்கிற போட்டோவைத் திருப்பித் தருவீங்களா, வீட்டில் அவர் படம் வேற இல்லை என்று கேட்டாள். அந்த ஞாயிறு ஹானி அதை அப்படியே எழுதினாள். பேரை மாற்ற மட்டும் மனசு வரவில்லை.

புதன்கிழமைக்குள் அது வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. மறுநாள் கண்காணிப்பாளர் சந்திரகலா அதன் பிரதியை எல்லார் முன்னாலும் மேசையில் வைத்தார். அந்த மனு மூன்று பேர் கையில்தான் போயிருக்கிறது என்றார். அவர் பார்வை வினோதினியிடம் போய் நின்றது. கணினியில் பதிவு செய்ய ஒப்பந்தத்தில் எடுத்த பெண், ரெண்டு குழந்தைக்காரி. திங்கட்கிழமைக்குள் ஒத்துக்கொண்டால் நல்லது, இல்லையென்றால் ஒப்பந்தம் இத்தோடு சரி என்று சொல்லிவிட்டார்.

ஹானி தன் மேசையிலிருந்து எழவில்லை. மத்தியானம் வினோதினி அவள் பக்கத்தில் வந்து அழுதாள்.

“நான் எழுதலக்கா. நீங்களாவது நம்புறீங்களா?”

“நம்புறேன்மா,” என்றாள் ஹானி.

வெள்ளிக்கிழமை ஒருவர் குண்டூசி கேட்டு மேசைக்கு வந்தபோதுகூட அவள் கணினித் திரையை அணைத்தாள். போன் அடித்தால் திடுக்கிட்டாள். யாராவது வாங்கிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று போனிலிருந்து வலைப்பூக் கணக்கை எடுத்துவிட்டாள். சனிக்கிழமை முபினிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“முழுசா அழிச்சிடு ஹானி. நாம சத்தமில்லாம பொழைக்கிறவங்க.”

ஞாயிறு மத்தியானம் அழிக்கத்தான் உட்கார்ந்தாள். எண்ணூறுக்கு மேல் பதிவுகள். மெஹ்விஷ் முதல் பல் விழுந்த நாள்கூட அதில் இருந்தது. ஆனால் அவள் கையைத் தடுத்தது அது இல்லை. மிரட்டிய மூணாம் நாளே பக்கம் காணாமல் போனால், பயந்துபோய் வினோதினிதான் அழித்தாள் என்றுதானே சொல்வார்கள்? அந்த நினைப்பு வந்ததும் லேப்டாப்பை மூடினாள். முபினிடம், “நாளைக்கு நானே போய்ச் சொல்லப்போறேங்க” என்றாள். அவன், ஆபீஸ் வாசல்வரைக்கும் நானும் வர்றேன் என்றான்.

திங்கட்கிழமை சந்திரகலாவின் அறையில், அவருடைய கணினியிலேயே தன் கணக்கைத் திறந்து காட்டினாள். கடவுச்சொல்லை மூன்று தடவை தப்பாக அடித்தாள். சந்திரகலா படித்தார். கீழே தள்ளித் தள்ளிப் பழைய பதிவுகளையும் படித்தார்.

“மேல நான் பதில் சொல்லணும்மா, என்னை என்ன பண்ணச் சொல்றே?” என்றார். அவருக்கும் பயம்தான் என்று ஹானிக்கு அப்போதுதான் தெரிந்தது.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பத்தாம் நாள் மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்கு மாற்றல் உத்தரவும் வந்தது. வினோதினியின் வேலை தப்பியது. ஆபீஸில் கடைசி நாளன்று ஹானி அவளைத் தேடிப் போனாள். வினோதினி நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள்.

“நாலு நாள் நான் அழுததைப் பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?”

ஹானி தன் மேசைக்குத் திரும்பி, மிச்சமிருந்ததைப் பையில் போட்டாள்.

இப்போது மலையேறும் பஸ்ஸில் தினமும் போய் வருகிறாள். விசாரணை முடிந்தபாடில்லை. அவள் பேருக்குத் தபால் வந்தால் உடனே பிரிக்காமல் சாயங்காலம்வரை மேசையில் வைத்திருக்கிறாள். இருந்தும் ஞாயிறு தவறவில்லை. அந்த நாலு நாளில் தான் பேசாமல் இருந்ததை எழுதி, கீழே முதல் தடவையாக உம்மே ஹானி என்று போட்டாள். வினோதினிக்கும் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அவள் படித்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீல டிக்குகள் விழுந்தன. பதில் மட்டும் இன்னும் வரவில்லை.