வெள்ளிக்கிழமைப் பெட்டி

டிசைனர் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் உடனே சாரிக்கடைக்குப் போய்விடுவார்கள். "என்ன பிள்ளை, பிளவுஸ் தைக்கிறனீரோ?" என்று வெள்ளவத்தை மார்க்கெட்டில் ஒரு மாமி கேட்டிருக்கிறார். இல்லை மாமி. வாளிக்குக் கைப்பிடி, போத்தலுக்கு மூடி, கதிரைக்குக் கால், இப்படி வீட்டில் யாருமே கவனிக்காத சாமான்களுக்கு உருவம் கொடுப்பது என் வேலை. அது எனக்கு நன்றாக வரும். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

அந்த வருடம் கொள்ளுப்பிட்டியில் ஒரே கட்டடத்தில் இருந்த சில அலுவலகங்கள் சேர்ந்து, மதியச் சோற்றுப் பார்சலுக்கு லஞ்ச் ஷீட் பாவிப்பதை நிறுத்தப் போவதாக முடிவெடுத்தன. சாப்பிட்டுவிட்டுச் சுருட்டி எறியும் அந்தப் பிளாஸ்டிக் தாளுக்குப் பதிலாக, கழுவித் திரும்பத் திரும்பப் பாவிக்கும் பெட்டி ஒன்று வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். அந்தக் கட்டடத்துக்குப் பார்சல் அனுப்புகிறவர் ஜிந்துப்பிட்டியில் இருக்கும் ஓர் அக்கா. மச்சாள்மார் இருவரோடு விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டி, பதினொரு மணிக்கு த்ரீவீலரில் ஏற்றிவிடுவார். எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் மிஸ்.

ஒரு பெட்டியை மூன்று பேர் மூன்று பக்கம் இழுப்பார்கள். அக்காவுக்கு ஆழமான பெட்டி வேண்டும், பருப்பு சிந்தக் கூடாது. பெட்டியை வார்த்துத் தரும் தொழிற்சாலைக்கார ஐயாவுக்கு ஆழம் குறைந்த பெட்டி வேண்டும், அப்போதுதான் மோல்ட் அச்சிலிருந்து சட்டென்று கழன்று வரும். எனக்கோ அது பல வருடம் உழைக்க வேண்டும், உடைந்தால் உருக்கி மறுபடி வார்க்கவும் வேண்டும். அதனால் ரப்பர் வளையம் இல்லை, சாயம் இல்லை, மூடியும் பெட்டியும் ஒரே பிளாஸ்டிக். மூன்று பேரும் கொஞ்சம் கொஞ்சம் அழுதால்தான் சாமான் சரியாக வரும் என்பது என் கட்சி. அந்தப் பெட்டிக்கு மற்ற இருவரும்தான் அழுதார்கள். நான் அழவில்லை.

மாதிரிப் பெட்டிகளைத் திங்கள் முதல் வியாழன் வரை பரீட்சித்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன், சிந்தவில்லை. ஒற்றைக் கையால் திறந்தேன், திறந்தது. மஞ்சள் கறை பிடித்தது, அதைக் கழுவும் வழியும் கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமைகளில் எனக்குத் தொழிற்சாலைக்குப் போகும் வேலை, ஆகவே வெள்ளியில் மட்டும் ஒன்றும் பார்க்கவில்லை. நாலு நாள் போதாதா என்று நினைத்தேன்.

பெட்டிகள் வந்தன. அக்கா மிச்சமிருந்த லஞ்ச் ஷீட் கட்டை யாருக்கோ கொடுத்துவிட்டார். நான் அவ்வளவு உறுதி சொல்லியிருந்தேன். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் ஜாம் ஜாமென்று போயின. வெள்ளி பின்னேரம் அக்காவின் அழைப்பு வந்தது.

"மிஸ், பெட்டியெல்லாம் போன மாதிரியே திரும்பி வந்துருச்சு. முக்கால்வாசி தொறக்கவே இல்ல."

"ஏன் அக்கா, கறி பழுதாப் போச்சோ?"

"கறிக்கு ஒண்ணுமில்ல. நேத்து அந்தப் பெட்டியில என்னா இருந்துச்சு?"

மீன் இருந்தது. எனக்கு முகம் குப்பென்று சூடாகியது. அக்காவின் பெரிய வியாபாரமே வெள்ளிக்கிழமைதான். மற்ற நாட்களில் கண்ட கடையிலும் சாப்பிடுகிறவர்கள் வெள்ளியில் மரக்கறிச் சோற்றுக்கு அவரிடம் வருவது, வியாழன் இரவே வீடு கழுவி, மச்சத்துக்குத் தனி, சைவத்துக்குத் தனி என்று சட்டி மாற்றிச் சமைக்கிறவர் என்பதால்தான். அப்படிச் சமைத்ததை மீன் இருந்த பெட்டியில் போட்டு அனுப்ப வைத்திருக்கிறேன்.

"அக்கா, கொதிதண்ணியில கழுவினதுதானே? சுத்தமாத்தானே இருக்கு?" என்று அப்போதும் வாதாடினேன். என் குணம் அது.

"எனக்கு சுத்தம் மிஸ். சாப்புடுறவங்களுக்கு மனசு வரணுமே. நாலாம் மாடி அம்மா ஒருத்தங்க கடதாசித் துண்டுல எழுதி வச்சிருக்காங்க, மன்னிச்சுக்கங்க, விரதம், இதுல சாப்பிட ஏலாதுன்னு." பிறகு சொன்னார்: "எனக்கும் தோணுச்சு மிஸ். கேக்கல்ல. நீங்க நம்ம ஆளு, உங்களுக்குத் தெரியாமலா செய்வீங்கன்னு விட்டுட்டேன். இன்னும் ரெண்டு வெள்ளி இப்படிப் போனா அவங்க வேற எடம் பாத்துக்குவாங்க. அப்பறம் நான் அடுப்ப மூட்டி என்னா செய்ய?"

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நம்பினேன் என்றது தாங்க முடியவில்லை.

அன்று இரவு எங்கள் குசினியில், வெள்ளிக்கிழமைக்கென்றே மேல்தட்டில் வைத்திருக்கும் சட்டியை எடுத்து நான் கத்தரிக்காய்க் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். கணவர் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சட்டியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "உம்மட குசினியில ரெண்டு செட். ஊராருக்கு ஒரு பெட்டியோ? நல்ல ஞாயம்தான்!" என்றார். கரண்டியால் எறியலாம் போல இருந்தது. சொன்னது சரி என்பதால் எறியவில்லை.

அடுத்த வெள்ளிக்கு அக்கா மறுபடி லஞ்ச் ஷீட் வாங்கினார், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாழையிலை இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். த்ரீவீலரின் குலுக்கலில் பருப்புக்கறியை வாழையிலை தாங்காது, பார்த்தாயிற்று. சைவப் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றேன். "ஸ்டிக்கர் கழுவக் கழுவ உரிஞ்சிரும் மிஸ். அப்பறம் எது எதுன்னு நானே சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் அக்கா. தூரத்தில் பார்த்தாலே தெரிய வேண்டும், ஒருபோதும் மாறிப்போகவும் கூடாது. அப்படியானால் பெட்டியின் நிறமே வேறாக இருக்க வேண்டும். நான் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்ற அதே சாயம்.

தொழிற்சாலைக்கார ஐயா சிங்களத்தில் சிரித்தபடி மறுத்தார். நிறம் மாற்றுவதென்றால் மெஷினுக்குள் பழைய நிறம் போகும்வரை பிளாஸ்டிக்கை உருக்கி உருக்கி வெளியே தள்ள வேண்டும், அவ்வளவும் வீண், இந்தச் சின்ன ஓர்டருக்கு முடியாது என்றார். "வீணாக்கக் கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்ததே நீங்கள்தானே மிஸ்?" என்று வேறு கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நானும் சிங்களத்தில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு, அவர் கந்தோர் அறையிலேயே இறுகிப்போய் உட்கார்ந்துவிட்டேன்.

சுவரில் அந்த மாத வேலைப்பலகை தொங்கியது. எந்த நாள், எந்தச் சாமான், எந்த நிறம் என்று எழுதியிருந்தார்கள். புதன்: தண்ணீர்ப் போத்தல் மூடி, பச்சை. வியாழன்: வாளி, கறுப்பு.

எழுந்து போய்ப் பலகையில் விரலை வைத்தேன். புதன்கிழமை மூடிகள் முடிந்ததும் மெஷினைக் கழுவ வேண்டாம், உள்ளே பச்சை இருக்கும்போதே என் மோல்டை மாட்டுங்கள். பெட்டி முடிந்ததும் கறுப்பு வாளி. மிச்சப் பச்சையைக் கறுப்பு விழுங்கிவிடும். ஒரு பிடி பிளாஸ்டிக்கும் வீணாகாது. ஐயா பலகையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். அந்தச் சாயம் உணவுக்கு உகந்ததா என்று கடதாசிகளை வாங்கிப் பார்த்த பிறகுதான் நான் அந்தத் தேத்தண்ணியைக் குடித்தேன். சாயமில்லாத பெட்டி என்ற என் பெருமை அன்றோடு போய்ச் சேர்ந்தது. இனி உடைந்த பச்சைப் பெட்டி கறுப்பு வாளியாகத்தான் மறுபிறவி எடுக்கும். எடுக்கட்டும்.

அதற்கடுத்த வெள்ளி பச்சைப் பெட்டிகள் போயின. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மூன்று மணிக்கே ஜிந்துப்பிட்டிக்குப் போய்விட்டேன். அக்காவும் ஒன்றும் சாப்பிடாமல் வாசலில் நின்றிருந்தார்.

த்ரீவீலர் வந்தது. பையை இறக்கி, முதல் மூடியை அக்காவே திறந்தார். காலி. இரண்டாவது காலி. ஓரத்தில் குழம்பு காய்ந்து, ஒரு கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது. நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். நாலைந்து பெட்டிக்குப் பிறகு அக்கா எண்ணுவதை விட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். நான் மச்சாள்மாரின் கையைப் பிடித்துக்கொண்டு குதிக்காத குறை.

நாலாம் மாடிப் பையில் ஒரு பெட்டி மட்டும் கழுவித் துடைத்திருந்தது. அக்கா அதைத் திறந்தார். உள்ளே சீனி. அலுவலகத் தேத்தண்ணி மேசையிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும், ஒரு கைப்பிடி இருக்கும்.

ஒரு வீட்டுப் பாத்திரத்தில் சாப்பாடு வந்தால் அதை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டோம். கடைப் பார்சலுக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை. துண்டு எழுதிய அந்த அம்மாவை நான் இன்றுவரை கண்டதில்லை. அக்கா சீனியில் ஒரு சிட்டிகை எடுத்து என் வாயில் போட்டார். நான் அந்த வாசலிலேயே, த்ரீவீலர்க்காரர் பார்த்துக்கொண்டிருக்க, ஓவென்று அழுதேன்.