கற்பூரம் அணைத்துச் சத்தியம் கேட்கப் போனேன்

முருகனை நம்பியிருப்பவர்களே, என் பாதம் இரண்டும் எரிந்த கதையைச் சொல்லப்போகிறேன். கூச்சத்தை விட்டுத்தான் சொல்ல வேண்டும். முகம் சுளிக்காமல் கேளுங்கள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம், ஐப்பசியில் ஆரம்பித்தது. உள்ளங்காலில் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிச்சல். வேட்டி நுனி பட்டால்கூட உயிர் போகும். சில சமயம் கால் இருப்பதே தெரியாது. எங்கள் கடலைக்கொல்லை கீழப்பழுவூருக்குப் பக்கம். ஒருநாள் அங்கிருந்து வீடு வந்து பார்த்தால் ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றதென்றே தெரியவில்லை. சற்று நேரத்தில் தம்பி மனைவி செல்லம்மாள் அதே செருப்பைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, வாய் திறக்காமல் உள்ளே போனாள்.

எங்களில் தம்பி மனைவி மூத்தாரோடு நேரில் பேசுவதில்லை. வழக்கம்தான். ஆனால் அன்று அந்த மௌனம் எனக்கு உறுத்தியது. என் செருப்பு இவள் கைக்கு எப்படிப் போயிற்று?

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. உப்பு வாங்கினால்கூட நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் வாங்குவேன். போதாக்குறைக்கு உடையார்பாளையம் பக்கத்து மந்திரவாதி ஒருவன் எரிகிறதில் எண்ணெய் ஊற்றினான். "உங்க காலடி மண்ண எடுத்து அடுப்புல போட்டிருக்காங்க. ஆளு வெளியில இல்ல, உங்க வூட்டுக்குள்ளயே இருக்கு" என்றான்.

மார்கழியில் ஒரு காலை. வேலியோரம் நான் ஒன்றுக்குப் போன இடத்தில் செல்லம்மாள் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நழுவினாள். மண் எடுக்க வந்தவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவளோடு பேசக்கூடாதென்று என் மனைவிக்குத் தடை போட்டேன். அவள் கடைந்த மோரைத் தொடவில்லை. தம்பி ஏதோ சொல்ல வந்தான். "பொண்டாட்டிக்கு வக்காலத்தாடா?" என்று வாயை அடைத்தேன்.

முருகனிடம் ஒரே வேண்டுதல்தான். "அப்பனே, என் காலக் கெடுத்தது யாருன்னு என் கண்ணுல காட்டு." தினமும் அழுதேன். வலியில் அழுதேனா, ஆத்திரத்தில் அழுதேனா, இன்றும் தெரியவில்லை.

பங்குனியில் தம்பியைக் கூப்பிட்டேன். "செட்டிகுளம் மலை முருகன் முன்னால உம் பொண்டாட்டி கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். இல்லன்னா பொறந்த வூட்டுக்குப் போவட்டும்."

"பண்ணுவாண்ணே. ஆனா அதுக்கப்புறம் நாங்க தனியாப் போயிடுறோம்" என்றான். நான் இளகவில்லை.

வண்டி கட்டிக்கொண்டு போனோம். உச்சி வெயிலில் படிக்கல் தகித்தது. எல்லோரும் தாவித் தாவி ஏறினார்கள். எனக்குச் சுடவே இல்லை! முருகன் என் பக்கம் நிற்கிறான் என்று உடம்பு சிலிர்த்தது. நெஞ்சை நிமிர்த்தி ஏறினேன்.

கரும்பு ஏந்தி நிற்கிற அப்பன் முன்னால் கற்பூரத்தட்டை நீட்டினேன். கல்யாணமாகி வந்த ஒன்பது வருஷத்தில் முதல்முறையாகச் செல்லம்மாள் என்னிடம் வாய் திறந்தாள்.

"சத்தியம் பண்றேன் மாமா. மொதல்ல உங்க காலப் பாருங்க. படியெல்லாம் ரத்தம்."

திரும்பிப் பார்த்தேன். வந்த வழியெல்லாம் என் தடம் சிவப்பாக இருந்தது. உள்ளங்கால் தோல் கொப்பளித்துக் கிழிந்து, ஒரு கண்ணாடிச் சில்லும் ஏறியிருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பயத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்குது மாமா. அன்னைக்கு அதத்தான் குனிஞ்சு பாத்தேன். செருப்பு வழியில கழண்டு கெடந்தது கூடத் தெரியாம நீங்க நடந்து போனப்பவே எனக்குச் சந்தேகம். எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. நீரிழிவுன்னாங்க. கடைசியில காலையே எடுத்துட்டாங்க. உங்க தம்பி சொல்ல வந்தாரு, நீங்க கேக்கல. அக்காவும் எங்கூடப் பேசுறதில்ல. நான் யாருகிட்டப் போயிச் சொல்லுவேன்?" என்று அழுதாள்.

அன்று சத்தியம் நடந்தது. கற்பூரத்தை அணைத்தவன் நான். இனி இவள்மேல் பழி சொன்னால் என் நாக்கு அழுகட்டும் என்றேன்.

திருச்சி டாக்டர் என் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். செங்கல் நிறமாயிற்று. சர்க்கரை இருந்தால்தான் அப்படி மாறுமாம். மருந்திலேயே ஏதோ சூது என்று, தம்பியுடையதையும் காய்ச்சச் சொன்னேன். அது நீலமாகவே நின்றது. "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா காலை எடுத்திருக்கணும்" என்றார் டாக்டர். ஊசி போட்டார்கள். வெல்லத்தை விட்டேன். புண் ஆற இரண்டு மாதமாயிற்று.

முருகன் சந்நிதியில் நின்றவன் பொய் சொல்லக்கூடாது. எரிச்சல் முழுசாகப் போகவில்லை. ஆனால் கால் இருக்கிறது, அந்தக் காலில் கொல்லைக்கு நடந்து போகிறேன். தம்பி தனிக்குடித்தனம் போகவில்லை. சாயங்காலம் விளக்கு வைத்ததும் காலை நீட்டி உட்காருவேன். என் மனைவி விளக்கைப் பிடிப்பாள், செல்லம்மாள் உள்ளங்காலைப் பார்ப்பாள். "மாமா, இங்க ஒரு முள்ளு இருக்குங்க" என்பாள். நான் மறுபேச்சுப் பேசாமல் காலைக் கொடுப்பேன்.

சந்தேகக் குணம் இந்தக் கட்டையோடுதான் போகும். இப்போது அதை என் பாதத்தின் மேலேயே வைத்திருக்கிறேன். நீங்களும் அப்பனிடம் கேளுங்கள், கட்டாயம் காட்டுவான். ஆனால் எவள்மேல் விரல் நீட்டிக்கொண்டு மலையேறுகிறீர்களோ, அவள் வாயாலேயே பதில் சொல்ல வைப்பான். அப்போது காதைப் பொத்திக்கொள்ளாதீர்கள்.