பலகைக்கு வராத படம்

சாய்ந்தமருதுப் பெரிய ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த மக்கீன், தன் கடைப் பலகையில் படம் கீறுவதை ஏன் விட்டான் என்று கேட்டால், ஊரில் எண்பத்தைந்தாம் வருசத்துத் தமிழ்-முஸ்லிம் குழப்பத்தைத்தான் காட்டுவார்கள். குழப்பத்தோடு எத்தனையோ நின்று போனது உண்மைதான். ஆனால் மக்கீனின் பலகை அதற்கு ஒரு வருசம் முந்தியே வெறும் பலகையாகிவிட்டது. எதையும் குழப்பத்தின் தலையில் கட்டிவிட்டால் மனிசருக்கு ஒரு சுகம், அவ்வளவுதான்.

மக்கீனுக்குப் படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. கைதான் சும்மா இராது. காலையில் கடை திறந்ததும், கழற்றிய கதவுப் பலகைகளில் அகலமான ஒன்றை வாசலில் சாத்திவைத்துச் சோக்குக் கட்டியால் ஒரு படம் கீறுவான். நாளும் பொழுதும் நாம் கதைக்கிற ஏதாவதொரு பேச்சு அதற்குள் ஒளிந்திருக்கும். கிணறும் அதில் விழுகிற கல்லும் என்றால் 'கிணற்றில் போட்ட கல்'. மூக்கு நுனியில் நெருப்பு எரிந்தால் 'மூக்கு நுனியில் கோபம்'. சில நாள் படமே இராது, எழுத்து மட்டும்தான். 'நின்றான்' என்ற சொல்லை ஒருநாள் தலைகீழாக எழுதி வைத்துவிட்டான். சங்கக்கடை மனேஜர் கழுத்தை ஒடித்து ஒடித்துப் பார்த்துவிட்டு, "முதல்ல ஒழுங்கா எழுதப் பழகு" என்று புத்தி சொல்லிப் போனார். 'தலைகீழாக நின்றான்' என்பதுதான் விடை என்று தெரிந்தபிறகு அவர் இரண்டு நாள் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

விடையைக் கத்திச் சொல்லக்கூடாது, மற்றவர்களுக்குக் கெட்டுப்போய்விடும். மக்கீனின் காதுக்குள் சொல்ல வேண்டும். சரியென்றால் சோக்கை வாங்கிப் படத்துக்குக் கீழே ஒரு பிறை கீறிவிட்டுப் போகலாம். மத்தியானம் லுகர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது பலகையில் ஐந்தாறு பிறை சேர்ந்திருக்கும். எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த காலிதீன் மட்டும் பின்னேரம் வரைக்கும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். அவன் ஆயுசில் ஒரு பிறை கீறியதில்லை. அதை வைத்து அவனை வாருவதுதான் ரோட்டுக்கே பொழுதுபோக்கு.

மக்கீனின் பெண்சாதி றுகையாவுக்கு எழுத்தே தெரியாது. ஆனால் படமென்றால் அவளை வெல்ல ஆளில்லை. மத்தியானச் சோற்றுக்கு வந்தால் மக்கீன் அடுத்த நாள் படத்தைக் குசினிச் சுவரில் கரியால் கீறிக் காட்டுவான். சோற்றைப் போட்டு ஆணத்தை ஊற்றுவதற்குள் அவள் கீழே ஒரு பிறையைக் கீறிவிட்டால், அந்தப் படம் லேசு, பலகைக்கு ஆகாது. கொஞ்சம் யோசித்தாளென்றால் ஊருக்கு அது போதும். ஊர் சிரித்த படமெல்லாம் முதலில் அவள் சிரித்த படங்கள்தான்.

அவர்களுக்கு ஒரே மகள், நதீரா. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டு வீடு கட்ட முடியுமா? எண்பத்திரண்டில், இரண்டு வருச ஒப்பந்தத்தில், றுகையா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். போகிற காலையில் மக்கீன் தேம்பித் தேம்பி அழுதான். அவள் அழவில்லை. "அழாம வீட்டுக்கு அத்திவாரத்த வெட்டுங்க" என்றாள்.

குவைத்திலிருந்து வந்த கடிதங்களெல்லாம் ஒரே மாதிரித்தான் இருந்தன. நான் சுகம், நல்ல வீடு, நல்ல சனம். அந்த வீட்டுக் கார் றைவர் ஒரு இந்தியாக்காரத் தமிழன். அவள் சொல்வதை அவன் எழுதி, எழுதியதை வீட்டுக்காரிக்கு அறபியில் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் உறையை ஒட்டுவான். குவைத்திலிருந்து லீவில் வந்த அக்கரைப்பற்றுப் பெண்ணொருத்தி சொல்லித்தான் அது மக்கீனுக்குத் தெரியும்.

நாலாவது கடிதத்தின் அடியில் ஒரு படம் இருந்தது. ஒரு கண், அதற்கு மேலே சாய்ந்த போத்தல், சொட்டுகிற எண்ணெய். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கிறாளாம். மக்கீனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அன்றைக்கே பலகையில் கீறினான், ஒன்பது பிறை விழுந்தது. பதில் கடிதத்தில் வேறொன்றும் எழுத முன்னம், அவள் பார்த்ததும் விளங்குகிற மாதிரி ஒரு பெரிய பிறையைக் கீறி அனுப்பினான்.

அடுத்த வருசம் நோன்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது இன்னொரு படம் வந்தது. ஒரு பெண்ணின் தலை, நடு உச்சி பிரித்து வாரியது. தலைக்கு மேலே அலை அலையாகத் தண்ணீர். தண்ணீருக்கும் மேலே ஒரு கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையின் ஐந்து விரல்களையும் அவள் ஒவ்வொன்றாகக் கவனமாகக் கீறியிருந்தாள்.

மக்கீனுக்கு விளங்க ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை. தலைக்கு மேல் வெள்ளம். என்னைக் கூப்பிட்டு எடு.

"என்னத்த கீறி இரிக்கா உம்மா?" என்று நதீரா எட்டிப் பார்த்தாள்.

"அங்க நல்ல மழையாம் மகள்" என்றான் அவன்.

அவள் சோறு வடிக்கப் போய்விட்டாள். மக்கீன் கடிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தான். அவளை அனுப்பிய ஏஜன்சிக்காரன் கல்முனையில் இருந்தான். போய்ச் சண்டை பிடித்தாவது ஆளைத் திருப்பி எடுக்க வேண்டும், அந்த எண்ணத்தில்தான் மிதித்தான். அதில் பொய்யில்லை.

வழியில், நதீராவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் உம்மா கமீலா தன் வீட்டு வாசல் கடப்பில் நின்று கூப்பிட்டாள்.

"தம்பி மக்கீன், வீட்டுக்கு ஓடு போட்டாச்சா?"

"சுவர் எழும்பிட்டு ராத்தா. கூரைதான் மிச்சம்."

"கூரையில்லாத வீட்டுல மாப்பிள்ளய எப்பிடிப்பா கொண்டு வந்து இருத்துற? வேற இடத்தாலயும் கேட்டு வருகுது. நான்தான் நதீராவுக்காகப் பொறுத்துக்கிட்டு இரிக்கன்."

மக்கீன் ஓமென்றான். சைக்கிளில் ஏறினான். கொஞ்சத் தூரம் கல்முனைப் பக்கம் மிதித்தான். பிறகு நின்று, ஒரு காலை நிலத்தில் ஊன்றி யோசித்தான். றுகையா இப்போது வந்தால் கூரை அப்படியே நின்றுவிடும். கூரை நின்றால் கலியாணம் நின்றுவிடும். ஊர் நினைப்பில் ஏதோ கீறியிருப்பாள், கொஞ்ச நாளில் பழகிவிடும். இன்னும் எத்தனை மாதம்தான், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடமாட்டாளா? சைக்கிளைத் திருப்பினான். நமக்கு வேண்டியதை நமக்குள்ளேயே எவ்வளவு கெட்டித்தனமாகச் சொல்லிக்கொள்கிறோம்!

கடையில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள், குவைத்துக் கடிதம் வந்த கதை அதற்குள் பரவியிருந்தது. மக்கீன் சோக்கை எடுத்துத் தலையைக் கீறினான். தண்ணீருக்குக் கை வரவில்லை. அந்தத் தலையை அழித்துவிட்டு, இரண்டு தோணியில் கால் வைத்த ஒரு மனிசனைக் கீறினான். சனம் சிரித்தது.

பதில் எழுதினான். எல்லாரும் சுகம், கூரைக்கு மரம் வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள். பிறை கீறவில்லை. பிறை கீறினால் விளங்கிவிட்டது என்று அர்த்தம். விளங்கிவிட்டால் கூப்பிட வேண்டும்.

நோன்பு கழிந்து இரண்டாம் மாதம் மூன்றாவது படம் வந்தது. கடிதத்தின் அடியில் அல்ல, தனித் தாளில் இருந்தது. கையைத் தாளில் வைத்துச் சுற்றிவரக் கோடு இழுத்த மாதிரி, முழு அளவில் ஒரு இடது கை. சின்ன விரலும் மோதிர விரலும் அடியோடு இல்லை.

மக்கீன் அதை நேராகப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான். இதில் என்ன பேச்சு ஒளிந்திருக்கிறது? உண்மையில் அவனுக்கு விளங்கவில்லை. போன படம் மாதிரிப் பயப்பட ஒன்றுமில்லை என்று கண்டதும் ஒரு நிம்மதிகூட வந்தது. பழகிவிட்டாள், பழையபடி விளையாடுகிறாள். தாளைப் பார்த்துப் பலகையில் அப்படியே கீறினான்.

மூன்று நாள் அந்தக் கை ரோட்டைப் பார்த்தபடி நின்றது. 'கை நழுவிவிட்டது' என்றார் ஒருவர். 'கைவிட்டார்கள்' என்றார் இன்னொருவர். 'கை குறைந்துவிட்டது, காசில்லை' என்றான் காலிதீன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், மக்கீனும் சிரித்தான். ஒரு பிறையும் விழவில்லை. "இந்தப் படத்துக்கு ஊரிலேயே விடை தெரியாது, நீதான் கெட்டிக்காரி, நீயே சொல்லு" என்று அவளுக்கு எழுதிப் போட்டான். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் படம் இல்லை.

எண்பத்துநாலில் ஒப்பந்தம் முடிந்து றுகையா வந்தாள். கொழும்பு பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மகளை வலது கையால் அணைத்தாள். இடது கை முந்தானைக்குள் இருந்தது. புது வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், ஓட்டை அண்ணாந்து பார்த்தாள், நல்லம் என்றாள். நதீரா தேத்தண்ணியும் தொட்டுக் குடிக்கச் சீனியும் கொண்டுவந்து நீட்ட, பழக்க தோசத்தில் கோப்பையையும் சீனியையும் வாங்க இரண்டு கையையும் நீட்டினாள்.

மூன்று விரல்.

நதீரா கத்திவிட்டாள். ஊரெல்லாம் சிரிக்கச் சிரிக்க மக்கீன் வாசலில் கீறி வைத்தது அந்தக் கையைத்தான். அதில் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. இப்படி ஆகிவிட்டது, பாருங்கள் என்று கையை வைத்துக் காட்டியிருக்கிறாள்.

"இறைச்சி அரைக்கிற மிசின்" என்றாள் றுகையா. "நோன்பு மாசம், அவங்கட சொந்தக்காரர் வீட்டோட மூணு வீட்டுக்கும் நான்தான். படுக்க விடல்ல. அரைச்சிக்கிட்டு இரிக்கக்குள்ளயே கண்ணயந்திட்டன்."

நதீரா அழுதுகொண்டு வெளியே போனாள். றுகையா தேத்தண்ணியை இரண்டு மிடறு குடித்தாள். பிறகு, சண்டை பிடிக்கிற குரலில் இல்லை, அவனுக்குத்தான் ஆறுதல் சொல்கிற மாதிரிக் கதைத்தாள்.

"அதுக்கு முந்தி ஒரு படம் அனுப்பினன். நோன்புக்கு முந்தி. பிறை வரும் வரும் எண்டு பார்த்தன், வரல்ல. அப்பவே நினைச்சன், நான் கீறினது சரியில்லையெண்டு. தண்ணி மாதிரித் தெரியல்லையா?"

விளங்கியது என்று சொல்ல மக்கீன் வாயைத் திறந்தான். ஒரே ஒரு சொல்தான்.

"தெரியல்ல புள்ள" என்றான். "ஏதோ கோடு கோடா கிடந்திச்சி."

"அப்ப எண்ட பிழதான்" என்றாள் றுகையா. கோப்பையைக் கழுவ எழுந்து போனாள்.

அந்த நாளையில் அவளைப் பார்க்க வந்த சனம், "புருசன் என்னடி செய்தான், கூப்பிட்டு எடுக்கல்லையா?" என்று கேட்டால் அவளுக்குக் கோபம் வரும். "தெரிஞ்சிருந்தா அடுத்த நாளே எடுத்திரிப்பார். எனக்குத்தான் ஒழுங்காக் கீறத் தெரியல்ல" என்பாள். பக்கத்து அறையில் இருந்து அதைக் கேட்கிற மனிசனுக்கு அதைவிடத் தண்டனை வேண்டுமா?

நதீராவின் கலியாணம் நல்லபடி நடந்தது. கலியாணம் முடிந்து ஒரு கிழமை இருக்கும், மக்கீன் காலையில் கடையைத் திறந்து பலகையைச் சாத்தினான். நடு உச்சி பிரித்த ஒரு தலை கீறினான். மேலே அலை அலையாகத் தண்ணீர். அதற்கு மேலே ஒரு கை. அவள் கீறியிருந்ததைவிடத் திறமாகக் கீற அவனுக்கு மனம் வரவில்லை, கோணலையும்கூட அப்படியே கீறினான். விளங்காமலும் போகக்கூடிய படம்தான் என்று ஊரில் ஒருவனாவது சொல்லமாட்டானா என்று அவன் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

காலிதீன் பிளேன்டீயோடு ரோட்டைக் கடந்து வந்தான். பலகையைப் பார்த்தான். தேத்தண்ணியைக் கீழேகூட வைக்கவில்லை.

"தலைக்கு மேல வெள்ளம்" என்றான். காதுக்குள் சொல்ல வேண்டும் என்பதுகூட அவனுக்கு மறந்துபோயிற்று. "என்ன மச்சான் நீ, இது சின்னப் புள்ளைக்கும் விளங்குமே!"

சந்தோசத்தில் துள்ளிக்கொண்டு சோக்கைப் பறித்து, ஆயுசிலே முதல் தடவையாக ஒரு பிறை கீறினான். மக்கீன் ஈரச் சாக்கை எடுத்து, தலையையும் தண்ணீரையும் பிறையையும் சேர்த்துத் துடைத்தான். காலிதீன் ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு மக்கீன் சோக்கைத் தொடவில்லை. அடுத்த வருசம் குழப்பம் வந்தது, ஊருக்குக் காரணம் சொல்ல வசதியாகப் போயிற்று. றுகையாவின் கடிதங்கள் தகரப் பெட்டிக்குள் இருந்தன. வீட்டில் தனியே இருக்கிற நேரங்களில் மக்கீன் அந்த இரண்டாவது படம் வந்த கடிதத்தை எடுத்து விரித்து வைத்துக்கொண்டிருப்பான். படத்துக்குக் கீழே, ஒரு பிறை கீறுகிற அளவுக்கு இடம் வெறுமையாக இருந்தது. அவன் மவுத்தாகி மண்ணுக்குள் போனபோதும் அது அப்படியேதான் இருந்தது.