பட்டியல் மட்டும் வாங்கி வந்தவள்

கடைக்குப் போகாமலே, அங்கே என்ன சாமான் இருக்கென்று கேட்டு எழுதிக்கொண்டு வருவதுதான் என் தொழில். கண்டி டவுனில் பழைய லெப்டொப்களைச் சரிபார்த்து, லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்டு விற்கிற ஒரு சின்னக் கடை. கறுப்புத் திரையைத் திறந்து ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ என்று ஒரு வரி அடித்தால், மிசின் இன்டர்நெட் வழியாகக் களஞ்சியங்களுக்குப் போய், இன்றைக்கு என்னென்ன மென்பொருள் கிடைக்கும் என்ற பட்டியலைக் கொண்டுவரும். மடுல்கெல்லையில் எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அந்த வரியை எழுத்து எழுத்தாகக் கொப்பியில் எழுதித்தான் பாடமாக்கினேன். உங்களில் யாராவது இதே கறுப்புத் திரைக்கு முன்னால் வேர்த்து விறுவிறுத்திருந்தால், கதிரையை இழுத்துப் போட்டு இப்படி உட்காருங்க.

முதலாளி அக்குறணைக்காரர். நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவோம். சேர்த்த அன்றைக்கே சொல்லிவிட்டார்: “வேல தெரியாட்டி படிச்சிக்கேலும் தங்கச்சி. ஆனா கடையில வாயத் தொறக்காம இரிக்கேலா. மூணு மாசம் பாப்பன். சரிவராட்டி நிப்பாட்டிருவன்.” எனக்கோ அந்த வேலை வேண்டும். மகளின் முன்பள்ளி இரண்டு தெரு தள்ளித்தான். பன்னிரண்டு மணிக்கு ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். அதற்கு விடுகிற கடை வேறு எங்கே கிடைக்கும்? வாய்தான் பிரச்சினை. ஆள் வந்தால் அலுமாரிக்குப் பின்னால் போய் நிற்கிற ரகம் நான்.

செத்துப்போன கீபோர்டுகள்

முதன்முதலாகத் தனியாக அந்த வரியை அடித்தேன். மிசின் பாஸ்வேர்ட் கேட்டது. அடித்தேன். ஒரு எழுத்தும் விழவில்லை, ஒரு புள்ளிகூட விழவில்லை. சரி, கீபோர்ட் செத்துவிட்டது என்று வெளியிலிருந்து வேறொன்றைச் செருகினேன். அதுவும் செத்திருந்தது. மூன்றாவதும் அப்படியே. மேல் வரியை ஒழுங்காக அடித்த கீபோர்ட் கீழ் வரிக்கு வந்ததும் எப்படிச் சாகும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. கேட்கவும் வெட்கம். காலைப் பொழுதில் பாதி அதிலேயே போனது.

கடைசியில் சுகன்யா வந்து பார்த்தாள். கடையில் என்னோடு வேலை செய்கிற யாழ்ப்பாணப் பிள்ளை, கொம்பியூட்டர் படித்தவள், என்னைவிட இளையவள். மேசையில் வரிசையாகக் கிடந்த கீபோர்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அது வேலை செய்யுது அக்கா. ஆக்கள் பாத்திடுவினம் எண்டு பாஸ்வேர்டை வெளியில காட்டாது. உங்களை மாதிரித்தான், எல்லாம் உள்ளுக்க.”

கலகெதர முதலாளி

கலகெதரவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற ஒருவர் தன் லெப்டொப்பைக் கொண்டுவந்து, மென்பொருள் எல்லாவற்றையும் புதிதாக்கித் தரச் சொன்னார். நான் என் வரியை அடித்தேன். எழுத்துகள் ஓடின, நின்றன. முடிந்தது என்று மூடி, துடைத்து, பையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். அந்த வரி கொண்டுவருவது பட்டியலை மட்டும்தான், சாமானை இறக்க இன்னொரு வரி அடிக்க வேண்டும். அது கொப்பியின் அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

இரண்டு நாளில் மனுஷன் திரும்பி வந்தார். ஒன்றுமே மாறவில்லையாம். நான் அலுமாரிக்குப் பின்னால். சுகன்யா நடந்ததை விளக்கினாள். கோபப்படுவார் என்று பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். வியாபாரி இல்லையா, உடனே விளங்கிவிட்டது. “அப்ப இந்தப் புள்ள கடை வரைக்கும் போயி பட்டியல மட்டும் வாங்கிட்டு வந்திருச்சு, சாமான் எல்லாம் இன்னும் அங்கேயே கெடக்கு!”

உள்ளே ஆள்

ஒருநாள் மிசினைப் போட்ட கையோடு வரியை அடித்தேன். வேறு யாரோ பாவித்துக்கொண்டிருக்கிறார்கள், பூட்டியிருக்கிறது என்று சொன்னது. கடையில் நான் மட்டும்தான். மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே பதில். ஏழெட்டுத் தடவை அடித்த பிறகுதான் சுகன்யா வந்து சேர்ந்தாள். போட்டவுடன் மிசின் தானாகவே பட்டியல் எடுக்கப் போயிருக்கிறது, அவ்வளவுதான். “உள்ளுக்க ஆள் குளிக்கேக்க கதவைத் தட்டக் கூடாதக்கா, வெளியில நிண்டு கொஞ்சம் பொறுக்க வேணும்.”

டீச்சரின் படங்கள்

பென்ஷன் எடுத்த டீச்சர் ஒருவர், என் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வரியை அடித்ததும் எழுத்துகள் மளமளவென்று ஓட ஆரம்பித்தன. “ஐயோ, பேரப்பிள்ளைங்க படத்தையெல்லாம் யாரோ கொண்டு போறாங்க!” என்று லெப்டொப்பைப் பட்டென்று மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இல்லை டீச்சர், இது வெளியிலிருந்து உள்ளே வருகிற பட்டியல், உங்களுடைய ஒன்றும் வெளியே போகாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். மனதுக்குள் மூன்று தடவை சொன்னேன். வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை. நானா ஓடி வந்து சமாதானம் பண்ணினார்.

டீச்சர் போன பிறகு நானா திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. “ ‘பயப்பட வேணாம் டீச்சர்’ண்டு மூணு சொல்லுதானே தங்கச்சி? இன்னும் ரெண்டு கிழமதான் இரிக்கி.”

பின்னால் ஓடிய மிசின்

மூன்றாவது மாதத்தின் கடைசிக் கிழமை. எங்கள் மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து மாஸ்டர் ஒருவர் பிள்ளைகளுக்காக ஒரு லெப்டொப் எடுக்க வந்திருந்தார். பகல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அவசரம். சுகன்யா எல்லாம் போட்டு முடித்து, பட்டியல் எடுக்கப் பார்த்தால், வரவில்லை. வயரை மாற்றினாள், போனிலிருந்து இன்டர்நெட் கொடுத்தாள், வேறு களஞ்சியத்துக்கு மாற்றினாள். எதற்கும் மசியவில்லை. நானா யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். “நான் வேற கடையில பார்த்துக்கிறேனே” என்று மாஸ்டர் பையை எடுத்தார்.

நான் வழக்கம்போல ஓரமாக நின்றேன். மகளைக் கூட்டப் போக வேண்டும் என்பதால், எந்தத் திரையைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது நேரம் காட்டுகிற மூலைக்குத்தான். சுவரில் பதினொன்றரை. திரையில் விடியற்காலை நாலு மணி. எட்டிக் கையை நீட்டி அதை அமுக்கினேன். திகதி வந்தது. வருஷத்தை இலக்கம் இலக்கமாக வாசித்தேன். மாஸ்டர் வாசலில் கால் வைத்துவிட்டார். முதல் தடவை சத்தம் வரவில்லை. இரண்டாம் தடவை தேவைக்கு மேலேயே வந்தது: “நானா! இந்த மிசின் ஆறு வருஷம் பின்னால ஓடுது!”

சுகன்யா நெற்றியில் அடித்துக்கொண்டாள். உள்ளே நேரத்தைக் காத்து வைக்கிற பொத்தான் பட்டரி செத்து, நேரம் குழம்பியிருந்தது. பட்டரியை மாற்றி, திகதியைச் சரிசெய்து, வரியை அடித்தால், பட்டியல் கொட்டியது. மாஸ்டர் என்ன கோளாறு என்று கேட்டார். நானா என்னையே பார்த்தார். அலுமாரி தூரத்தில் இருந்தது. வேறு வழியில்லாமல் சொன்னேன்: “சேர், இது இன்னும் பழைய வருஷத்துலயே இருந்திச்சு. இன்னைக்குப் போட்ட பட்டியலக் குடுத்தா, வராத நாளுக்கு எப்படிப் பட்டியல் வரும்னு நம்பாம திருப்பி அனுப்பிருச்சு.” மாஸ்டர் சிரித்தார். “எங்க பள்ளிக்கூடத்துக்கு ஏத்த மிசின்தாம்மா. எங்களுக்கும் எல்லாம் ஆறு வருஷம் பிந்தித்தான் வரும்.”

அவர் லெப்டொப்போடு பஸ்ஸுக்கு ஓடினார். நானா சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். “பன்னெண்டாகுது, ஓடிப் போய் மகளக் கூட்டிட்டு வாங்க தங்கச்சி, அந்த மூணு மாசக் கதய மறந்திடுங்க.”

இப்போது கடையில் அதிகம் பேசுகிற ஆள் நான்தானாம், ஆனாலும் பாஸ்வேர்ட் அடிக்கிற நேரம் மட்டும் இன்னொரு கீபோர்ட் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறேன்.