வயிற்றுப் புற்றுநோயும் நான் ஒளித்து வைத்த நோன்பும்

போன ரமலானுக்கு ஆறு மாதம் முன்பே தொல்லை தொடங்கிவிட்டது. நாலு கவளம் சாப்பிட்டால் நெஞ்சுக்குக் கீழே கல் வைத்தது போல நின்றுவிடும். வாலிநோக்கம் உப்பளத்தில் அரைநாள்கூட உப்பு வார முடியவில்லை. மதுரையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் குழாய் விட்டுப் பார்த்து, இரைப்பையில் புற்றுநோய் என்றார்கள். வீடு வரும் வரை பேருந்தில் என் மனைவி ஜைனபு அந்தத் தாள்களை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அங்கே எனக்கு வைத்தியம் பார்த்த பேராசிரியர் அம்மா, ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழக டாக்டர்களோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்துவந்தார். அதில் என்னையும் சேர்த்துக்கொண்டார். இம்யூனோதெரபி என்று பெயர். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே எழுப்பி நோயோடு மோத விடும் மருந்தாம். ஆபரேஷனுக்கு முன்னால் கீமோவோடு சேர்த்து நாலு தடவை, பின்னாலும் சில தடவை ஏற்ற வேண்டும்.

"எடை மட்டும் இறங்கக் கூடாது. இறங்கினா ஆபரேஷனைத் தள்ளி வைக்கணும். தள்ளிப்போற நாளெல்லாம் நோய்க்குத்தான் லாபம்" என்றார்.

இரண்டாவது தடவை ஏற்றிக்கொண்டு வந்த வாரம் ரமலான் பிறந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று தெரியும். ஆனாலும் ஊரே பசித்திருக்கும்போது நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது? யாருக்கும் சொல்லாமல் நோன்பு வைத்தேன். "சும்மா அளத்துல உக்காந்துட்டு வாரேன்" என்று கிளம்பிவிடுவேன். ஜைனபு கொடுத்துவிடும் கஞ்சியையும் முட்டையையும் கூட வேலை செய்யும் முனியசாமியிடம் கொடுத்துவிடுவேன். மாலையில் நோன்பு திறந்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. பதினோராம் நோன்பு அன்று விடியற்காலை பஜ்ரு தொழுதுவிட்டு, "ரப்பே, எடை இறங்காமல் ஒரு வழி காட்டு" என்று அழுது கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்பதுகூட எனக்குப் புரியவில்லை.

அன்று அளத்துக்குப் போகத் தெம்பில்லாமல் வீட்டிலேயே படுத்துவிட்டேன். பகலில் முனியசாமி முந்தின நாள் கஞ்சித் தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்க வந்தான்.

"அக்கா, கோவிச்சுக்காதீக. பத்து நாளாச் சொல்லணும்னு இருந்தேன். அளத்துல வேல பாக்குறவுக வீட்டுக் கஞ்சியில உப்பே இல்லையே, நேர்த்திக்கடனா?"

"அவுகளுக்கு ஆக்குனத நீ எதுக்குக் குடிச்ச?"

"பாய்தானே தெனமும் குடுக்குறாரு. முட்டையும் தாராரு. எனக்கு ரெண்டு கிலோ கூடிப்போச்சு."

ஜைனபு என் பக்கம் திரும்பினாள். "அப்ப நீங்க என்னத்தத் தின்னீக மச்சான்?"

நோன்பு வைத்ததைச் சொன்னேன். அவள் உடனே பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டாள். நண்பகல் லுஹர் தொழுகை முடித்து அவர் நேரே வந்தார்.

"நோயாளிக்குச் சலுகை இருக்குன்னு தெரியாதாப்பா?"

"தெரியும் ஹஜ்ரத். உசுரக் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு மாசம் பசி பொறுக்காம எந்த மூஞ்சிய வச்சுக் கேக்குறது?"

"அல்லாஹ் குடுத்த சலுகையத் திருப்பிக் குடுத்துட்டு, அவன்கிட்டயே வேற கேக்குறியா?"

ஜைனபு கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் நோன்போடு என் எதிரில் உட்கார்ந்தார். நான் கிண்ணத்தைக் காலி செய்யும் வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் மதுரையில் எடை பார்த்தபோது நாலு கிலோ குறைந்திருந்தது. வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பேராசிரியர் அம்மா திட்டவில்லை. "எடை ஏன் இறங்குச்சுன்னு தெரியலேன்னா, மருந்துமேல பழி போட்டிருப்போம். உங்க விவரத்தை அந்த நாட்டு டாக்டர்களும் பாக்குறாங்க. நாளைக்கு அங்க ஒரு நோயாளிக்கு அதை வச்சு முடிவெடுப்பாங்க" என்றார். முகம் தெரியாத ஒருவருக்கு நான் தீங்கு செய்யப் பார்த்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கேயே அழுதேன், எனக்காக அல்ல.

அதன்பின் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சாப்பிட்டேன். எடை இறங்குவது நின்றது, பிறகு மெல்ல ஏறியது. ஆபரேஷன் பத்து நாள்தான் தள்ளிப்போனது. வெட்டி எடுத்த பகுதியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் தூங்கவில்லை. பேராசிரியர் அம்மா தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "நோய் இருந்த இடத்துல இப்ப வடுதான் இருக்கு" என்றார். ஜைனபு அந்த இடத்திலேயே நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்தாள்.

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. மிச்ச மருந்தையும் ஏற்றிக்கொண்டேன். மாதங்கள் போக வேண்டும், ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள். பயம் முழுதாகப் போகவில்லை. இரைப்பையில் பெரும்பகுதி இல்லாததால் இந்த ரமலானில் நான் நோன்பு வைக்கவில்லை. அதற்கு ஈடாகத் தினமும் ஓர் ஏழைக்கு உணவு கொடுக்கிறோம்.

இதைப் படிக்கும் சகோதரர்களே, நோயை வைத்துக்கொண்டு ரகசியமாகப் பசித்திருக்கிறவர் உங்களில் யாராவது இருந்தால், இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். டாக்டரிடமும் மறைக்காதீர்கள். வயிறார உண்டுவிட்டு இறைவனிடம் கையேந்துங்கள். அவன் அதையும் கேட்கிறான்.